ஃபார்மலினில் ஊறிய சதை, இரண்டு லேப், இரண்டு ரிப்போர்ட்: எதை நம்புவது?

கேள்வி: மார்ச் 4, மாலை

அப்பாவுக்கு நுரையீரல் புற்று. போன மாதம் பயாப்ஸி எடுத்தார்கள். ஒரே பிளாக்கை (சதையைப் பதித்த மெழுகுக் கட்டி) இரண்டு லேப்புக்கு அனுப்பினோம். முதல் லேப், ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் எக்ஸான் 19 டெலீஷன் (ஒரு துண்டு காணாமல் போன மாற்றம்) இருக்கிறது, கூடவே டி790எம் என்ற இன்னொரு மாற்றமும் 3 சதவீதம் இருக்கிறது என்கிறது. இரண்டாவது லேப், எக்ஸான் 19 மட்டும்தான், டி790எம் இல்லை என்கிறது. மாத்திரை இன்னும் ஆரம்பிக்கவில்லை. கெடாமல் இருக்க ஃபார்மலினில் போட்ட சதையில் டிஎன்ஏ எல்லாம் செத்துப்போயிருக்கும், அந்த டெஸ்டே ஏமாற்று வேலை என்று சித்தப்பா அடித்துச் சொல்கிறார். லேப் வேலை தெரிந்த அண்ணன், அக்கா யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு 10.40

நான் டாக்டர் இல்லை தம்பி, திசு லேப்பில் 19 வருடமாக டெக்னீஷியன். மாத்திரை விஷயம் டாக்டரோடு. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வருகிற சதைத் துண்டு மெழுகுக் கட்டியாகி ஸ்லைடாகும்வரை என்ன பாடு படும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

சித்தப்பா சொல்வதில் கால்வாசி உண்மை. அந்த 3 சதவீதம்தான் எனக்கு இடிக்கிறது. டி790எம் என்றால் ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் 2369ஆவது எழுத்து சி-யாக இருக்க வேண்டிய இடத்தில் டி வந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபார்மலின் பாட்டிலுக்குள் நடக்கிற சேட்டையும் அச்சாக அதேதான். சைட்டோசின், அதாவது அந்த சி, தன் அமீன் தொகுதியை இழந்து யுராசில் ஆகும். டிஎன்ஏயைப் பெருக்குகிற பிசிஆரில் நகலெடுக்கிற என்சைம் யுராசிலைப் பார்த்தால் டி என்றே படித்துவிட்டுப் போய்க்கொண்டிருக்கும். கடைசியில் ரிப்போர்ட்டில் சி போய் டி. உங்கள் அப்பா உடம்பில் நடக்காதது, பாட்டிலில் நடந்தது.

அதுவும் டி790எம் பெரும்பாலும் ஜெஃபிடினிப் மாதிரி புற்று மாத்திரையைக் கொஞ்ச காலம் சாப்பிட்டு, அது கேட்காமல் போகும்போது தலைகாட்டுகிற மாற்றம். மாத்திரையே தொடாத ஆளுக்கு 3 சதவீதம் என்றால் புருவம் உயரத்தான் செய்யும்.

எக்ஸான் 19 அப்படியில்லை. 15 எழுத்தோ 18 எழுத்தோ மொத்தமாகக் காணாமல் போவது அது. ஃபார்மலினுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. இரண்டு லேப்பும் அதில் ஒத்துப்போகிறார்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 5, காலை 6.15

டீ கொதிக்கும்போதுதான் உறைத்தது. இரண்டாவது லேப் எந்த முறையில் பார்த்தது என்று நான் கேட்கவே இல்லை. டிஎன்ஏ படிக்கிற பழைய சாங்கர் முறை என்றால் 15, 20 சதவீதத்துக்குக் கீழே இருப்பது அதன் கண்ணுக்கே படாது. "இல்லை" என்று அவர்கள் எழுதியது "எங்களுக்குத் தெரியவில்லை" என்பதாகவும் இருக்கலாம். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் முதல் லேப்பை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டேன். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் முறையும் அதன் எல்லையும் போட்டிருப்பார்கள், பாருங்கள்.

மார்ச் 5, மதியம் 2.30

"பாட்டிலில் நடந்தது என்கிறீர்களே, எந்தப் பாட்டில்?" என்று ஒருவர். சாப்பாட்டு நேரம், நிதானமாகச் சொல்கிறேன். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் அப்புறம் படியுங்கள்.

எங்களுக்கு வருவது ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில், மூடி சரியில்லாமல் பிளாஸ்திரி சுற்றிய டப்பா. ஒருமுறை கர்ப்பப்பை ஒன்று குறுகிய வாய் உள்ள தண்ணீர் பாட்டிலில் வந்தது. போகும்போது மெத்தென்று வழுக்கிக்கொண்டு போயிருக்கும். ஃபார்மலினில் இறுகியபின் வெளியே வர மாட்டேன் என்று அடம். பாட்டிலை பிளேடால் அறுத்துத்தான் எடுத்தேன். சிசேரியன் பார்த்த கதை என்று லேப்பில் இன்றைக்கும் சிரிப்பார்கள்.

நடுவில் வெட்டிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. வெளிப்பக்கம் ஒரு விரற்கடைக்கு சாம்பல் நிறம், கெட்டி. உள்ளே சிவப்பாக, கொழகொழவென்று, வாடையோடு. ஃபார்மலின் மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கும். அது வந்து சேரும்வரை நடுச்சதை தன் என்சைமாலேயே தன்னைத் தின்றுகொண்டிருக்கும். சதை ஒரு பங்கு என்றால் ஃபார்மலின் 10 பங்காவது வேண்டும். நடைமுறையில் சதை மூழ்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். கத்தியால் ஒரு கீறு போட்டு அனுப்புங்கள் என்று கெஞ்சாத நாளில்லை.

இன்னொரு பக்கம், அளவுக்கு மீறி ஊறுவது. வெள்ளி சாயந்திரம் ஆபரேஷன், சனி அரைநாள், ஞாயிறு லீவு, திங்கள் பொங்கல் என்றால் சதை நான்கு நாள் ஊறும். மார்பகப் புற்றுக்கு அமெரிக்க வழிகாட்டுதல், வெட்டி எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போடு, 6 மணி நேரத்துக்குக் குறையாமல் 72 மணி நேரத்துக்கு மேல் போகாமல் வை என்கிறது. உங்கள் அப்பாவுடையது ஊசியில் எடுத்த நூல் போன்ற துண்டாக இருக்கும். அது சீக்கிரம் ஊறிவிடும், ஆகவே உள்ளே அழுகும் பயம் குறைவு. ஆனால் சதையே கொஞ்சம் என்பதால் வேறு தலைவலி. அது அப்புறம்.

தண்ணீர்க் கதையும் உண்டு. ஃபார்மலின் என்று கேனில் வாங்குவது 37லிருந்து 40 சதவீதம் ஃபார்மால்டிஹைட் கரைந்த நீர். அதில் ஒரு பங்கு, தண்ணீர் 9 பங்கு: இதைத்தான் 10 சதவீத ஃபார்மலின் என்கிறோம். லிட்டருக்கு சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம் போட்டால் பிஎச் 7 பக்கத்தில் நிற்கும். இந்த இரண்டு உப்பையும் போடாமல் குழாய்த் தண்ணீரில் கலந்து மாதக்கணக்கில் வைத்தால் ஃபார்மிக் அமிலம் சேரும். எறும்பு கடித்தால் சுரீர் என்கிறதே, அந்த அமிலம். அது டிஎன்ஏயைத் துண்டு துண்டாக அறுக்கும். ஸ்லைடில் ரத்தம் உள்ள இடங்களில் பழுப்புத் தூள் தூவினாற்போல் தெரிந்தால் அமில ஃபார்மலின் என்று எங்களுக்குப் புரிந்துவிடும். அந்தப் பிளாக்கில் டிஎன்ஏ டெஸ்ட் கேட்டு வந்தால் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வெட்டுவேன்.

மார்ச் 5, இரவு 9.05

சித்தப்பாவுக்கு நேரடிப் பதில்: சாகாது, சிக்குப் பிடிக்கும். ஃபார்மால்டிஹைட் டிஎன்ஏயையும் புரதத்தையும் குறுக்கே பாலம் போட்டுக் கட்டிவிடும். வாராத தலையில் சீப்பை விட்டு இழுத்தால் முடி அறுந்து வருகிற மாதிரிதான் பிரித்தெடுக்கும்போது. மெழுகைக் கரைத்து, புரதத்தைத் தின்கிற புரோட்டினேஸ் கே போட்டு 56 டிகிரியில் வைத்து, பிறகு 90 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடுகாட்டினால் கட்டுகள் பெரும்பாலும் அவிழும். கிடைப்பது 100, 200 எழுத்துத் துண்டுகள். அதற்கு ஏற்ற மாதிரி சின்னச் சின்னத் துண்டாகப் படிக்கிற டெஸ்ட் என்றால் வேலை நடக்கும். நீளமாகப் படிக்கப் பார்த்தால் ஒன்றும் வராது, சதையில் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

மார்ச் 6, காலை 11.20

"அப்படியானால் நூறு வருடப் பழைய பாட்டிலெல்லாம் குப்பைதானா?" குப்பையில்லை. 1912 ஜூன் 3 அன்று பெர்லினில் தட்டம்மைக்குப் பின் வந்த நிமோனியாவில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று இறந்தது. அதன் நுரையீரலை ஃபார்மலினில் போட்டு வைத்தார்கள், அது அங்கே மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்தது. அதிலிருந்து தட்டம்மை வைரஸின் டிஎன்ஏயை முழுசாகப் படித்து 2020இல் வெளியிட்டார்கள். மாட்டு வெக்கை நோய் வைரஸிலிருந்து தட்டம்மை பிரிந்தது கி.மு. 6ஆம் நூற்றாண்டுவரை பின்னால் போகலாம் என்ற கணக்கு அந்தப் பாட்டிலை வைத்துத்தான் போட்டார்கள்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் அலமாரியில் இருந்த பழைய பாட்டில்களைத் துடைத்து வைத்தேன். இரண்டு நாள்தான், அப்புறம் பழைய தூசு.

மார்ச் 6, மதியம் 1.10

தட்டம்மைக்கு டிஎன்ஏ கிடையாது, ஆர்என்ஏ வைரஸ். நான்கு பேர் திருத்திவிட்டீர்கள், ஒருவர் சிரிப்புப் பொம்மையோடு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் பக்கம்தான் இன்னும் பலமாகிறது: டிஎன்ஏயைவிடப் பலவீனமான ஆர்என்ஏயே 108 வருடம் தாங்கியிருக்கிறது.

மார்ச் 6, இரவு 10.15

தம்பி தனிமடலில் கேட்டது: "அந்தப் பொய் டி-க்களை நீக்க வழியே இல்லையா?" இருக்கிறது. யுடிஜி என்று ஒரு என்சைம். யுராசில் உள்ள இடத்தைத் தேடிப்போய் வெட்டிவிடும். பிசிஆருக்கு முன்னால் இதைப் போட்டு அரை மணி வைத்தால் ஃபார்மலின் போட்ட பொய்கள் விழுந்துவிடும், நிஜ டி நிற்கும். முதல் லேப் யுடிஜி போட்டார்களா என்று கேளுங்கள். போட்டும் டி790எம் வந்தது என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

மார்ச் 7, காலை 7.00

வாயை மூட வேண்டாம் போலிருக்கிறது. எங்கள் லேப்பில் மூலக்கூறுப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள், என்னைவிட 15 வயது சின்னவள், என்னைவிட 15 மடங்கு தெரிந்தவள். நேற்று எழுதியதைக் காட்டினேன். "அக்கா, டி790எம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது பார்த்தீர்களா?" என்றாள். ஏசிஜி. சி-க்கு அடுத்து ஜி. இப்படி ஜி பக்கத்தில் இருக்கிற சி-யின் மேல் பல சமயம் மெத்தில் என்ற சின்னத் தொகுதி ஒட்டியிருக்கும். மெத்தில் ஒட்டிய சி அமீனை இழந்தால் யுராசில் ஆகாது, நேராக டி-யே ஆகிவிடும். அசல் டி. யுடிஜி அதைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுப் போகும்.

ஆகவே யுடிஜி போட்டும் வந்தால் நிஜம் என்று நேற்று சொன்னதை அழித்துவிடுங்கள். பொய்கள் குறையும், அவ்வளவுதான்.

அப்படியானால் என்னதான் வழி என்று அவளிடமே கேட்டேன். "அதே பிளாக்கிலிருந்து இரண்டு தடவை தனித்தனியாக டிஎன்ஏ எடுக்கணும். இரண்டிலும் வந்தால் நம்பலாம். ஒன்றில் 3, இன்னொன்றில் பூஜ்யம் என்றால் பாட்டில் வேலை." காரணமும் சொன்னாள். 10 நானோகிராம் டிஎன்ஏ என்றால் கணக்குப்படி 3,000 ஜீனோம் (முழு மரபணுத் தொகுப்பு) நகல் இருக்க வேண்டும். ஃபார்மலின் சதையில் அத்தனையும் உதவாது. பிசிஆருக்கு உருப்படியாகக் கிடைப்பது 100 துண்டு என்று வையுங்கள். அதில் மூன்றில் சி கெட்டிருந்தால் ரிப்போர்ட்டில் 3 சதவீதம். மூன்று துண்டு! ஊசித் துண்டில் தலைவலி என்றேனே, இதுதான் அது. சதை நிறைய இருந்தால் அந்த மூன்று கூட்டத்தில் காணாமல் போயிருக்கும்.

மார்ச் 8, மாலை 5.45

"டிஎன்ஏ கெட்டுப்போனால் ரிசல்ட் வராது, வந்துவிட்டால் சரியாகத்தானே இருக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த நினைப்புதான் எனக்கு பயம். வராமல் போனால் நல்லது, மறுபடி சதை கேட்போம். வந்துவிடுகிறதே, அதுதான் ஆபத்து.

மெழுகுக் கட்டியை மைக்ரோடோமில் சீவினால் நாடா மாதிரி வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு ஸ்லைடில் அள்ளுவோம். முந்தின நோயாளியின் துணுக்கு தொட்டியில் மிதந்துகொண்டிருந்தால் அடுத்தவர் ஸ்லைடில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் பாஷையில் அதற்கு ஃப்ளோட்டர். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் பித்தப்பை ஸ்லைடு ஒன்றில் ஓரமாக நஞ்சுக்கொடித் துணுக்கு ஒட்டியிருந்தது. நோயாளி 60 வயது ஆண். டாக்டர் கூப்பிட்டுக் காட்டினார், திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பிளாக்குக்கும் நடுவில் டிஷ்யூ பேப்பரால் தண்ணீர் மேல் தடவி எடுக்கிறேன், கத்தியில் இடம் மாற்றுகிறேன்.

கண்ணுக்குத் தெரிந்ததால் மாட்டியது. டிஎன்ஏ டெஸ்டுக்குக் குழாயில் சுருட்டிப் போடும் சீவலில் இப்படி ஒன்று ஒட்டினால் யார் பார்க்கப் போகிறார்கள்?

உலகப் புகழ் பெற்ற உதாரணம் இங்கிலாந்தில். 1959இல் மான்செஸ்டரில் என்னவென்றே தெரியாத நோயில் இறந்துபோன ஓர் இளைஞர், முன்னாள் கடற்படைக்காரர். 30 வருடம் கழித்து அவருடைய சேமித்து வைத்த திசுவில் பிசிஆர் செய்து ஹெச்ஐவி இருக்கிறது என்று 1990இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகின் முதல் எய்ட்ஸ் நோயாளி என்று செய்தித்தாளெல்லாம் பரபரத்தது. 1995இல் ஹெச்ஐவி ஆய்வாளர் டேவிட் ஹோவின் குழு அந்த மாதிரிகளை வாங்கிப் பார்த்து நேச்சர் இதழில் எழுதியது: சதைகள் ஒரே ஆளுடையவை அல்ல, வைரஸும் 1959க்குப் பொருந்தவில்லை, சமீபத்திய வைரஸின் சாயலில் இருக்கிறது. எங்கேயோ புதிய மாதிரி கலந்திருக்கிறது.

ஏன் கலந்தது ஜெயிக்கிறது? பழைய டிஎன்ஏ சிக்கும் முறிவுமாகக் கிடக்கிறது, புதியது முழு நீளத்தில் திடகாத்திரமாக வருகிறது. கல்யாணப் பந்தியில் வாட்டசாட்டமான ஆள் பக்கத்தில் நோஞ்சான் தாத்தாவை உட்காரவைத்த மாதிரி. தாத்தா இலையில் அப்பளம் விழுவதற்குள் அந்த ஆள் பாயசத்துக்குப் போயிருப்பான்.

இதே ஹெச்ஐவி விஷயத்தில் ஒழுங்காகச் செய்ததும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் பாவம். காங்கோவின் கின்ஷாசாவில், அப்போது லியோபோல்ட்வில், 1958க்கும் 1960க்கும் இடையில் எடுத்த 27 பிளாக்குகளைத் தேடியதில் ஒரே ஒரு நிணநீர்க் கணுவில் வைரஸ் கிடைத்தது. 1960ஆம் ஆண்டுடையது. மைக்கேல் வொரோபி குழு 2008இல் வெளியிட்டது. அதுவும் ஃபார்மலின் மட்டுமில்லை, பிக்ரிக் அமிலம் சேர்ந்த பூவான் கரைசலில் போட்டது. டிஎன்ஏக்கு ஃபார்மலினைவிட மோசமான எமன். எழுத்துகள் துண்டு துண்டாகத்தான் கிடைத்தன, ஆனால் அந்தக் காலத்து வைரஸ் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. கெட்ட கரைசலில் இருந்து நம்பத்தகுந்த பதில். மான்செஸ்டரில் கரைசலைக் குற்றம் சொல்ல இடமே இல்லை, பதில் மட்டும் தப்பு.

மார்ச் 8, இரவு 11.00

மீன் பற்றிக் கேட்டவர்களுக்கு. ஆமாம், அதே ஃபார்மலின்தான். 2018இல் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் போட்ட மீன் பிடிபட்டபோது எங்கள் வீட்டில் ஒரு மாதம் மீன் கிடையாது. அம்மா என்னைப் பார்த்து, "நீ பண்றதும் அந்த மீன்காரன் பண்றதும் ஒரே வேலைதானாடி?" என்றாள். யோசித்துப் பார்த்தால் மறுக்க முடியவில்லை. இதற்கு மேல் மீனுக்குத் தனி இழை தொடங்குங்கள்.

மார்ச் 10, மதியம் 3.20

ஃபார்மலினையே திட்டிக்கொண்டிருக்கிறோம், எலும்பு வந்தால் அதைவிடப் பெரிய வில்லன் உண்டு. எலும்புத் துண்டைச் சீவ வேண்டும் என்றால் முதலில் சுண்ணாம்பை நீக்க வேண்டும். நைட்ரிக் அமிலத்திலோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ போட்டால் சட்டென்று மெத்தாகிவிடும். டிஎன்ஏயும் அதோடு போய்விடும். சுண்ணாம்பை மெல்ல இழுக்கிற ஈடிடிஏ கரைசலில் போட்டால் டிஎன்ஏ பிழைக்கும், ஆனால் நாள் கணக்கில், சமயத்தில் வாரக்கணக்கில் ஆகும். "ரிப்போர்ட் எப்ப வரும்?" என்று தினம் போன் அடிக்கிற குடும்பத்திடம் ஈடிடிஏ என்று விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? ஒரு தடவை அவசரத்துக்கு நானே அமிலத்தில் போட்டேன். புற்று என்று மறுநாளே தெரிந்துவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம் (சந்தோஷமா? என்ன வார்த்தை எழுதுகிறேன்). பத்து நாள் கழித்து அதே பிளாக்கில் மரபணு டெஸ்ட் கேட்டார்கள். ஒன்றும் வரவில்லை. அந்த அம்மாவுக்கு மறுபடி இடுப்பெலும்பில் ஊசி.

மார்ச் 10, மாலை 6.00

"சாராயத்தில் போட்டால் தேவலையா?" டிஎன்ஏக்குத் தேவலை. சாராயம் தண்ணீரை உறிஞ்சும், பாலம் கட்டாது. டாஸ்மேனியப் புலிக் குட்டி ஒன்று 1909லிருந்து மெல்போர்னில் ஆல்கஹாலில் கிடந்தது. இனமே அழிந்துவிட்டது, குட்டியின் ஜீனோமைப் படித்துவிட்டார்கள். ஆனால் எங்கள் டாக்டர்களுக்கு ஸ்லைடில் செல் பழகிய உருவத்தில் தெரிய வேண்டும், அதற்கு ஃபார்மலின்தான். தவிர ஆல்கஹால் பாட்டில் என்றால் அலமாரிக்குப் பூட்டு வாங்க வேண்டியிருக்கும். நான் படித்த காலேஜ் மியூசியத்தில் தவளை ஜாடியில் மட்டம் குறைவதற்குக் காரணம் ஆவியாதல் என்று சார் சொல்வார். யாரும் நம்பியதில்லை.

மார்ச் 15, இரவு 8.30

தம்பி தகவல் சொல்லியிருக்கிறார். முதல் லேப்பிலேயே பேசி, அதே பிளாக்கிலிருந்து புதிதாக இரண்டு தடவை தனித்தனியாக எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எக்ஸான் 19 இரண்டிலும் அதே டெலீஷன். டி790எம் இரண்டிலும் இல்லை. இரண்டாவது லேப் சாங்கர் இல்லையாம், நுணுக்கமான முறையாம். அவர்கள் கண் சரியாகத்தான் இருந்திருக்கிறது. மார்ச் 5 காலை நான் எழுதிய சந்தேகம் வீண், மார்ச் 4 இரவு எழுதியது சரி. எது சரி என்று எழுதும்போது தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

டாக்டர் ஒசிமெர்டினிப் மாத்திரை எழுதியிருக்கிறாராம். அது எக்ஸான் 19க்கும் கேட்கும், டி790எம் நிஜமாக இருந்தாலும் கேட்கும். "அப்போ எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று சித்தப்பா கேட்டாராம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மார்ச் 22, காலை 9.50

கடைசியாக ஒன்று, அப்புறம் நான் போய் பிளாக் வெட்டுகிறேன். இந்த இழையில் வந்த வேகத்தில், எங்களுக்கு சதை அனுப்புகிற இடங்களுக்கெல்லாம் புதுப் படிவம் அச்சடிக்கச் சொல்லிக் கேட்டு, அச்சடித்தும் ஆயிற்று. இரண்டே கட்டம் கூடுதல்: "சதை எடுத்த நேரம்", "ஃபார்மலினில் போட்ட நேரம்". முதல் படிவம் இன்று காலை வந்தது, மூடியில் பிளாஸ்திரி ஒட்டிய ஊறுகாய் பாட்டிலோடு. சதை எடுத்த நேரம்: "ஆபரேஷன் நேரம்." ஃபார்மலினில் போட்ட நேரம்: "ஆம்."